எந்தக் கூடலூர்?



இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் முன்னாள் மாணவர் முகவரிப் பட்டியல் இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் வேலையை மலர்க் குழுவினர் எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். ஊர்வாரியாக அடுக்கியபோதுதான் வேடிக்கை தெரிந்தது. 'கூடலூர்' என்ற தலைப்பின் கீழ் கம்ப்யூட்டர் ஐந்து பேரை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. விசாரித்தால் மூன்று பேர் நீலகிரிக்காரர்கள், இரண்டு பேர் தேனி மாவட்டம். 'திருப்பத்தூர்' என்பதிலும் அதே கதை. 'மன்னார்குடி' என்று எழுதியிருந்த ஒருவர் உண்மையில் காட்டுமன்னார்கோவில்காரர். 'புதூர்' என்று மட்டும் எழுதி அனுப்பியவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது கடவுளுக்கே வெளிச்சம்!

ஹாஸ்டலில் இந்தப் பிரச்சினையே வந்ததில்லை. 'எந்த ஊரு?' என்பது முதல் கேள்வி. 'எந்தக் கூடலூரு?' என்பது இரண்டாவது. ஒரு வாரத்திற்குள் ஒருவன் 'மலைக் கூடலூர்', இன்னொருவன் 'கம்பத்துக் கூடலூர்' ஆகிவிடுவான். நாலு வருஷமும் அதுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஹால் டிக்கெட்டில் மட்டும்! விளையாட்டாகச் சேர்த்த அந்த 'மலை'யிலும் 'கம்பத்'திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கும்போது, பிரித்துச் சொல்வதற்காக நாம் சேர்க்கிற ஒட்டுச்சொல்லில்தான் அந்த ஊரின் சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்ப்பெயர் போனாலும் போகட்டும், அந்த ஒட்டுச்சொல்லை விடக்கூடாது என்பது என் கட்சி.

நான் படித்தது மின்னியல். சரித்திரம் பத்தாம் வகுப்போடு விட்டுப்போன பாடம். ஆனால் வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். எந்த ஊருக்குப் போனாலும் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் 'ஏன் இந்தப் பேரு?' என்று டீக்கடையில் கேட்டுவிடுவது பழக்கம். அப்படிச் சேர்ந்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

பொறியாளன் எதையும் முதலில் வகை பிரிப்பான். ஒரே பெயர் பல ஊர்களுக்கு வருவதை நாலு வகையாகப் பிரிக்கலாம். நிலத்தைப் பார்த்து வைத்த பெயர். சாமியைப் பார்த்து வைத்த பெயர். வேறு பெயர்களாக இருந்து தேய்ந்து ஒன்றான பெயர். தூரத்து ஊரிலிருந்து தூக்கி வந்த பெயர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிலம் தந்த பெயர்

கூடல் என்றால் கூடும் இடம். ஆறுகள் கூடலாம், பாதைகள் கூடலாம். மதுரைக்கே நான்மாடக் கூடல் என்று ஒரு பழம்பெயர் உண்டு. மதுரைக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் கூடல்நகர் என்பதை அந்தப் பக்கத்து நண்பர்கள் அறிவார்கள். கூடுகிற இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஒரு கூடலூர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

நம்மில் பலருக்குத் தெரியாத கூடலூர் ஒன்று உண்டு. அது கடலூர்! அதன் பழைய பெயர் கூடலூர்தான். ஆறுகள் கூடிக் கடலில் சேரும் இடம். ஆங்கிலேயர் நாக்கில் அது உருமாறியது. கடற்கரை ஊர் என்பதால் 'கடலூர்' என்பது நமக்கும் பொருத்தமாகவே பட்டு, நிலைத்துவிட்டது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. அதுதான் புனித டேவிட் கோட்டை. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, 1752 வரை கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடம் இந்தக் கடலூர்தான். அந்த ஒரே ஊருக்குள்ளும் இன்றைக்கு ஓ.டி., என்.டி. என்று இரண்டு உண்டு. முதுநகர் எது, புதுநகர் எது என்று தெரியாமல் பஸ்ஸை விட்டு இறங்கினால் திண்டாட்டம்தான்.

மலைக் கூடலூர் ஊட்டியிலிருந்து மைசூர் போகிற வழியில் இருக்கிறது. மைசூர்ப் பக்கம் ஒரு பாதை, ஊட்டிப் பக்கம் ஒரு பாதை, கேரளத்துப் பக்கம் ஒரு பாதை. மூன்றும் கூடுவதால் கூடலூர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பகுதி பழைய மலபார் ஜில்லாவின் வயநாட்டைச் சேர்ந்தது. 1877-ல்தான் நீலகிரியோடு சேர்ந்தது. அதற்கு மூன்று நாலு வருஷங்களுக்குள், 1880 வாக்கில், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் கிளம்பி, பங்குகள் விற்றுத் தீர்ந்து, கடைசியில் எல்லாம் கவிழ்ந்துபோனது ஒரு தனிக்கதை. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த நம் மக்களுக்கு வேலை கொடுக்க, 1968 முதல் அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. 'டான்டீ' என்று நாம் சொல்கிற அந்தத் தோட்டங்கள் கூடலூர், பந்தலூர்ப் பகுதியிலும் உண்டு. ஆக அந்தக் கூடலூரில் பாதைகள் மட்டும் கூடவில்லை. மலையாளம், கன்னடம், இலங்கைத் தமிழ் என்று மனிதர்களும் கூடினார்கள்.

கம்பத்துக் கூடலூர் வேறு உலகம். மேற்கே மலை, மலைக்கு அப்பால் தேக்கடி. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப் பக்கம் இறங்கி, கூடலூரைத் தாண்டி வைகை வரை போகிறது. அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் திராட்சைக்கும் உயிர். 2013-ல் லோயர்கேம்ப்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் அவர் படத்தை மாட்டி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நிற்க. இந்த இரண்டு கூடலூர்களும் ஒரே பெயரில் இருப்பது என்ன பாடு படுத்தும் என்பதை அனுபவத்தில் கண்டவன் நான். 2016-ல் கம்பத்துக் கூடலூர் அருகே ஒரு துணைமின் நிலைய வேலையில் இருந்தேன். ஒரு டிரான்ஸ்பார்மரின் பாதுகாப்பு ரிலே எரிந்துபோய்விட்டது. அது இல்லாமல் டிரான்ஸ்பார்மரை இயக்க முடியாது. சுற்றுவட்டாரத்துக்கு முறை வைத்துத்தான் கரண்ட் விட முடிந்தது. சென்னையிலிருந்து புது ரிலேயை ஒரு பார்சல் ஆபீசில் போட்டு அனுப்பினார்கள். பில்லில் மாவட்டம், பின்கோடு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புக்கிங் செய்தவர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'கூடலூர்' என்று மட்டும் எழுதிவிட்டார். இரண்டாம் நாள் காலை போன் போட்டால், 'வந்துருச்சு சார், எடுத்துக்கலாம்' என்று பதில். எங்கே வந்தது? மேட்டுப்பாளையம் ஏறி, ஊட்டி தாண்டி, மலைக் கூடலூருக்கு! இரண்டுக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

'சார், கூடலூர்னுதானே போட்டிருக்கு? கூடலூருக்குத்தான் போயிருக்கு' என்றார் அந்த ஆபீஸ்காரர். அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

பெட்டி திரும்பி வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. நல்ல கோடை. மோட்டார் ஓடாமல் திராட்சைத் தோட்டங்கள் வாடின. தினமும் சாயங்காலம் ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கேட் அருகே நிற்பார். திட்டமாட்டார். 'தம்பி, பந்தல்ல காய் பிடிச்சிருக்கு. நாளைக்காவது வந்துருமாப்பா?' என்று மட்டும் கேட்பார். ஒரு ஊருக்கு எத்தனை கூடலூர் என்பது அவருக்குப் பொது அறிவுக் கேள்வி இல்லை. அந்த வருஷத்துக் கஞ்சி. ஊர்ப்பெயர்ச் சமாச்சாரத்தை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதை விட்டது அன்றைக்குத்தான்.

சாமி தந்த பெயர்

'மன்னார்குடி மதிலழகு' என்று நம் பக்கத்தில் வழக்கு. ராஜகோபால சுவாமி கோயில் கொண்ட ஊர். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில். தஞ்சை நாயக்கர்கள் பெரிதாக எடுத்துக் கட்டினார்கள். தட்சிண துவாரகை என்றும் சொல்வார்கள். அந்த ஊரின் முழுப்பெயர் ராஜமன்னார்குடி.

வடக்கே, கொள்ளிடத்துக்கு அக்கரையில் இன்னொரு மன்னார் இருக்கிறார். காட்டுமன்னார். அந்த ஊருக்குக் காட்டுமன்னார்குடி என்றும் காட்டுமன்னார்கோவில் என்றும் பெயர். கடலூர் மாவட்டம். 'காட்டு' என்ற அடைமொழியைப் பார்த்து ஏதோ பட்டிக்காடு என்று நினைத்துவிடாதீர்கள்! முதலாம் பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரால் அது வீரநாராயணபுரம் ஆயிற்று. அதே பெயரில் வெட்டிய ஏரிதான் வீராணம். பொன்னியின் செல்வன் நாவலைக் கல்கி தொடங்குவது அந்த ஏரிக்கரையில்தான். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊரும் அதுவே. ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் கல்வெட்டு இருப்பதும் அங்கே உடையார்குடிக் கோயிலில். 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற நம் ஐ.டி. நண்பர்களில் எத்தனை பேருக்குப் பராந்தகனைத் தெரியும்?

ஒன்றைக் கவனியுங்கள். தெற்கே இருப்பதன் 'ராஜ' பேச்சில் உதிர்ந்துவிட்டது. வடக்கே இருப்பதன் 'காட்டு' உதிரவில்லை. இரண்டில் ஒன்றுக்காவது அடைமொழி வேண்டுமே! பெரிய ஊர் வெறும் பெயரை எடுத்துக்கொள்ளும். சின்ன ஊர் அடைமொழியைச் சுமக்கும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம் போலிருக்கிறது.

தேய்ந்து ஒன்றான பெயர்

திருப்பத்தூர் கதை இதற்கு நேர்மாறு. இரண்டு திருப்பத்தூர் எல்லோருக்கும் தெரியும். ஒன்று பழைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்து, பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-ல் தானே ஒரு மாவட்டத் தலைநகரான திருப்பத்தூர். இன்னொன்று பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்து 1985-ல் பிரிந்த சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர். மூன்றாவதாகத் திருச்சிக்கு அருகே பிரம்மா சன்னதியால் பேர்பெற்ற திருப்பட்டூர். இங்கிலீஷில் எழுதும்போது மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

பழைய ஏட்டைப் பார்த்தால் இவை ஒன்றே அல்ல. சிவகங்கைத் திருப்பத்தூர், தேவாரத்தில் திருப்புத்தூர். அப்பரும் சம்பந்தரும் பாடிய பாண்டிநாட்டுத் தலம். திருச்சிப் பக்கத்துத் திருப்பட்டூரோ பழைய திருப்பிடவூர். வடக்கே இருப்பதற்குப் 'பத்து ஊர் சேர்ந்தது' என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மூன்று வேறு காசுகள் புழங்கிப் புழங்கி முகம் தேய்ந்து ஒரே மாதிரி ஆகிவிட்ட கதைதான்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைக் கம்பெனிப் படை தூக்கில் போட்ட இடம் திருப்பத்தூர்க் கோட்டை. எந்தத் திருப்பத்தூர்? சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். அதே வருஷம் ஜூன் மாதம் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் சீரங்கம் கோயில் மதிலிலும் வெள்ளையருக்கு எதிரான அறிக்கையை ஒட்டிய சின்ன மருதுவின் முடிவு அங்கேதான். இப்போது மாவட்டத் தலைநகர் என்ற அந்தஸ்து வடக்கே இருக்கிற ஊருக்கு வந்துவிட்டது. செல்போன் வரைபடத்தில் 'திருப்பத்தூர்' என்று மட்டும் தட்டிப் பாருங்கள், எந்த ஊர் முன்னால் வந்து நிற்கிறது என்று! இன்னும் ஒரு தலைமுறை போனால், 'மருது பாண்டியரைத் தூக்கிலிட்ட திருப்பத்தூர்' என்று படிக்கிற பிள்ளை ஜோலார்பேட்டை ரயில் ஏறிப் போய்க் கோட்டையைத் தேடினால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா?

தூக்கி வந்த பெயர்

தென்காசி, சிவகாசி என்று சொல்லும்போது காசியை நினைக்கிறோமா? மதுரையை இழந்த பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலம் அது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய விசுவநாதர் கோயிலால் வந்தது தென்காசி. காசிக்குப் போக முடியாத குடிமக்களுக்குக் காசியை இங்கே கொண்டுவந்தார்கள். சிவகாசிக்கும் காசியிலிருந்து லிங்கம் வந்த கதை தலவரலாற்றில் உண்டு. 'தென்' என்ற ஓரெழுத்து ஈரெழுத்துக்குள் எவ்வளவு ஏக்கம், எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

கடல் தாண்டிப் போன பெயரும் உண்டு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஏழாயிரத்துச் சொச்சம் ஜனம். குடியேறியவர்கள் முதலில் வேறு பெயர் கேட்டார்கள். அதைப்போலவே ஒலிக்கும் இன்னொரு ஊர் இருக்கிறது, குழப்பம் வரும் என்று தபால் இலாகா மறுத்துவிட்டது. அப்போது கடையில் இருந்த துணிக்கட்டில் 'மெட்ராஸ்' என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து அதையே வைத்தார்கள் என்பது அந்த ஊர்க் கதை. நம் நெசவாளர் கைபட்ட பருத்தித் துணி கப்பலேறிப் போய் ஒரு ஊருக்குப் பெயராயிற்று. 2017 ஆகஸ்ட் 21-ல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடிய ஊர் அது. இதற்குள் நம் மெட்ராஸ் 1996-ல் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆகிவிட்டது. ஹைகோர்ட்டிலும் பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி.யிலும்தான் பழைய பெயர் நிற்கிறது. ஊர்ப் பலகையில் மெட்ராஸ் என்று பார்க்க வேண்டுமானால் இனி ஓரிகனுக்குத்தான் போகவேண்டும்!

அதே ஓரிகன் மாநிலத்தின் தலைநகரம் எது தெரியுமா? சேலம்! ஆனால் மாம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது விவிலியத்தில் வரும் 'சாலேம்', சமாதானம் என்று அர்த்தம். நம் சேலமோ மலையைக் குறிக்கும் 'சைலம்' என்பர் சிலர், 'சேரலம்' என்பர் சிலர். இது என் நாலு வகையிலும் அடங்காத தற்செயல். ஒலி ஒன்றானால் உறவும் ஒன்று என்று அவசரப்பட்டுக் கட்டுரை எழுதிவிடக் கூடாது என்பதற்குச் சேலம் நல்ல பாடம்.

முன்னோர் கண்ட வழி

கம்ப்யூட்டர் படித்த தம்பி தங்கைகளுக்கு இது சுலபமாகப் புரியும். டேட்டாபேஸில் பெயரைப் பிரைமரி கீயாக வைத்தால் என்ன ஆகும்? கூடலூர் கதைதான் ஆகும். பெயர் திரும்ப வரத்தான் செய்யும். அதற்கு வெளியே ஒரு பெரிய வட்டத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை நம் ஆட்கள் ரொம்பக் காலம் முன்பே கண்டுகொண்டார்கள்.

சிறுபாணாற்றுப்படை பாடிய புலவர் நல்லூர்க்காரர். நல்லூர்தான் எத்தனை! யாழ்ப்பாணத்திலும் ஒன்று உண்டு. ஆகவே அவர் பெயரை 'இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்' என்று எழுதி வைத்தார்கள். நாடு, ஊர், ஆள். இன்னொரு புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். ஊர், சேரி, ஆள். தெருவரைக்கும் முகவரி! இடைக்கழிநாடு என்ற பெயர் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் பெயராக இன்றைக்கும் இருக்கிறது.

சோழர் காலத்தில் இது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. மண்டலம், அதற்குள் வளநாடு, அதற்குள் நாடு அல்லது கூற்றம், அதற்குள் ஊர். தொண்டை மண்டலத்தில் என்றால் கோட்டம். குடவோலைக் கல்வெட்டுகளால் (919, 921) புகழ்பெற்ற உத்தரமேரூர்கூட, காலியூர்க் கோட்டம் என்ற வட்டத்தோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஒரே பெயர் அதில் பலமுறை வருகிறது. குழப்பம் வராமல் எப்படிப் பிரித்தார்கள்? எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் எழுதினார்கள். ஆயிரம் வருஷம் கழித்து அவர்கள் யார் யார் என்று நாம் தெரிந்துகொள்ள முடிவது அந்த ஒட்டுச்சொற்களால்தான்.

கொங்கு நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய் எண்ணையே பெயரில் சேர்த்தார்கள். 15 வேலம்பாளையம், 63 வேலம்பாளையம், 46 புதூர்! திருப்பூர், ஈரோட்டு நண்பர்களுக்கு இதில் அதிசயமில்லை. வெளியூர்க்காரன் பஸ் போர்டைப் பார்த்துப் '15 என்பது ரூட் நம்பரா?' என்று கேட்பான்.

தபால் இலாகாவும் கடைசியில் எண்ணுக்குத்தான் வந்தது. நம் தாத்தாக்கள் '(வழி) கம்பம், மதுரை ஜில்லா' என்று எழுதினார்கள். ஒரே பெயரில் ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் முகவரி, கையெழுத்துக் கோளாறு. இவற்றைச் சமாளிக்க 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஆறு இலக்கம். முதல் இலக்கம் பெரு மண்டலம், இரண்டாவது உள்மண்டலம், மூன்றாவது தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். சோழனின் மண்டலம்–வளநாடு–நாடு–ஊர் வரிசைதான் இது! மலைக் கூடலூர் 643212. கம்பத்துக் கூடலூர் 625518. கடலூர் 607001. மன்னார்குடி 614001. காட்டுமன்னார்கோவில் 608301. வடக்குத் திருப்பத்தூர் 635601. மருது பாண்டியர் திருப்பத்தூர் 630211.

இந்த எண்ணும் ரகசியமாகச் சரித்திரம் பேசுகிறது. தேனி தனி மாவட்டமானது 1996-ல். ஆனால் கம்பத்துக் கூடலூரின் 625 இன்னும் மதுரையின் எண்தான். ஜில்லா பிரிந்தாலும் தபால்காரர் மதுரையை மறக்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

எண் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஐந்து நாளில் பெட்டியின் மேல் ஆறு இலக்கம் எழுதியிருந்தால் போதும் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன்! ஆனால் 630211 என்ற எண்ணைப் பார்த்து மருது சகோதரர்கள் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள். 'சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்' என்று சொன்னால் வருவார்கள். எண் ஊரைப் பிரிக்கும். அடைமொழி, ஊர் எங்கிருந்து வந்தது என்று சொல்லும். எண் வந்துவிட்டதே என்று அடைமொழியைக் கழற்றிப் போடுகிறோம். அங்கேதான் நஷ்டம்.

இது வேகமாக நடக்கிறது. 2011-ல் 15 வேலம்பாளையமும் அங்குள்ள நல்லூரும் திருப்பூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. நகரம் வளர வளர ஊர்கள் வார்டு நம்பர்களாகின்றன. அந்த ஊருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லக்கூடிய பாட்டிகளும் தாத்தாக்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் போனபிறகு எந்த சர்வரில் தேடினாலும் கிடைக்காது.

ஆகவே இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வீட்டில் உள்ள பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, தாத்தா பெயருக்கு வந்த பழைய கார்டு இவற்றை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் ஊரின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, முன்னால் என்ன சேர்த்திருக்கிறார்கள், எந்தப் பிர்கா, எந்தத் தாலுகா, எந்த ஜில்லா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் 'ஏன் இந்தப் பேரு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்வது சரித்திரமா கதையா என்ற ஆராய்ச்சி பிறகு ஆகட்டும், முதலில் எழுதி வையுங்கள்.

மூத்தவர்களிடம் இன்னொரு விண்ணப்பம். சங்கத்தின் முகவரிப் படிவத்தில் 'சொந்த ஊர்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் ஊரின் முழுப்பெயரையும் பெயர்க்காரணத்தையும் எழுத இரண்டு வரி இடம் விடும்படி செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் இரண்டு வரி எழுதினால் இரண்டாயிரம் வரி. எந்தப் பல்கலைக்கழகமும் காசு கொடுத்து வாங்க முடியாத புத்தகம் அது. புதூர்க்காரர்களே, உங்களைத்தான் முதலில் கேட்கிறேன். தயவுசெய்து எந்தப் புதூர் என்று எழுதுங்கள்!